பத்தாவதில் ஃபெயில், படகு இன்ஜின் வேலையில் கெட்டி: அக்கா மகனை மறுபடி படிக்கச் சொல்லலாமா?

கெடிலக்கரை
கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது முடிந்துவிட்டது. இந்த மாதம் வந்த பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் கணக்கும் இங்கிலீஷும் போய்விட்டன. வீட்டில் எல்லோரும் அழுதார்கள், அவன் அழவில்லை. அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் இருக்கிற படகு இன்ஜின் பட்டறைக்குப் போய்விட்டான். இரண்டு வருடமாக லீவு விட்டால் அவன் கிடக்கிற இடம் அதுதான்.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகை மேலே ஏற்றி, இன்ஜினை இறக்கி, வருடத்து வேலை மொத்தத்தையும் இந்த இரண்டு மாதத்தில் முடிப்பார்கள். பட்டறை அண்ணனுக்கு மூச்சு விட நேரமில்லை. "பையனை என்கிட்ட விட்டுடு, மூணு வருஷத்துல தனியா நிப்பான்" என்கிறார். நாளுக்கு 400 ரூபாயும் தருகிறார். அவர் நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, தவறி ஆறு வருடம் ஆகிறது. அதனால் முடிவு என் தலையில். நான் பன்னிரண்டாவது முடித்து ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். படிப்பு எனக்கு என்ன கொடுத்தது என்று அக்கா மகன் கேட்டான். சட்டென்று பதில் வரவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். பிழைப்புக்குப் பள்ளிக்கூடம் உண்மையில் வேண்டுமா?

டீசல்கை
விடுங்கண்ணே, அவன் போற வழி சரியான வழி. நான் ஏழாவதோடு நின்றவன். இன்றைக்குப் புதுச்சேரி–கடலூர் ரோட்டில் சொந்த ஒர்க்‌ஷாப், மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன், சொந்த வீடு. என்னோடு படித்து டிகிரி வாங்கினவன் இன்னும் வேலைக்கு அலைகிறான்.

காமராஜர் என்ன காலேஜா போனார்? கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு மூன்றாவதோடு பள்ளியை விட்டவர், மோட்டார் செய்தார். நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1934-இல் கடலூரில் பிறந்த ஜெயகாந்தன் படித்தது அஞ்சாவது. அவருக்கு 2002-ஆம் வருட ஞானபீடம். கையில் வேலை இருந்தால் எந்தச் சர்டிபிகேட்டும் வேண்டாம்.

முத்தியால்பேட்டை வாத்தியார்
தம்பி டீசல்கை, நீங்கள் உழைத்து மேலே வந்ததில் எனக்கு நிஜமான மரியாதை உண்டு. நான் ஐ.டி.ஐ.யில் முப்பது வருடம் ஃபிட்டர் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்களைப் போல் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று பேரையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

ஜெயகாந்தன் அஞ்சாவதோடு நின்றார், சரி. நின்ற பிறகு அவர் எங்கே வளர்ந்தார்? கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில். சுற்றிலும் நாளெல்லாம் படிக்கிறவர்கள், விவாதிக்கிறவர்கள். கட்சி அச்சகத்தில் வேலை. ஒரு பையனுக்கு அப்படி ஓர் இடம் கிடைத்தால் அவன் வகுப்பில் உட்காரவில்லை என்று நான் வருத்தப்பட மாட்டேன். முதுநகரில் பத்தாவது ஃபெயிலான எத்தனை பையன்களுக்கு அந்த இடம் கிடைக்கும்?

நாயுடு கதை இன்னும் சுவாரசியம். 1945-இல் கோவையில் அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி வரக் காரணமாக இருந்ததும் அவர்தான். நான்கு வருடம் எதற்கு, இரண்டு வருடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று அரசோடு முட்டிக்கொண்டு வெளியே வந்ததும் அவர்தான். அவருடைய சண்டை வீணாகும் வருடங்களோடு. படிப்பே வேண்டாம் என்று அவர் நினைத்திருந்தால் கல்லூரிக்கு ஏன் பாடுபட வேண்டும்? காமராஜரைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. தனக்குக் கிடைக்காததை ஊர்ப்பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தான் 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்தார்.

சிப்காட் ஷிஃப்ட்
எதிர்ப்பக்கக் கதை ஒன்று சொல்கிறேன். நான் பி.இ. மெக்கானிக்கல். வில்லியனூர் தாண்டி ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். அப்பா ஒன்றரைக் காணி நிலத்தை அடகு வைத்துத்தான் ஃபீஸ் கட்டினார். நான்கு வருடத்தில் லேத் மிஷினை நான் தொட்டது மொத்தம் ஏழெட்டுத் தடவை இருக்கும். முப்பது பேருக்கு ஒரு மிஷின், ஒருவன் ஓட்டுவான், மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவோம். முடித்துவிட்டு வந்தால் காண்ட்ராக்ட் வேலை, ஐ.டி.ஐ. படித்த பையனைவிட எனக்குச் சம்பளம் குறைவு. அவனுக்கு வேலை தெரியும், எனக்குத் தெரியாது. அந்த அவமானத்தை நான் மறக்கவில்லை.

அப்பா இன்னும் அந்தக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயம் இல்லை. இரண்டு வருடம் கழித்துத் தட்டாஞ்சாவடியில் நண்பன் ஒருவனுடைய பட்டறையில் கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடுகிற சி.என்.சி. மிஷினைக் கற்றுக்கொண்டேன். அங்கே பத்து வருடம் வேலை பார்த்த அண்ணன் எந்த உலோகத்தையும் சத்தத்தை வைத்தே சொல்வார். அவருக்கு டிராயிங் பார்க்க வராது. புரோகிராமில் ஒரு எண்ணை மாற்ற வேண்டும் என்றால் யாரையாவது கூப்பிடுவார். எனக்கு அது இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. வாங்கிய டிகிரியில் உபயோகப்பட்டது அந்த ஒன்றுதான், ஆனால் அது உபயோகப்பட்டது.

கெடிலக்கரை
சிப்காட் தம்பி சொன்னதைப் படித்ததும் போன வாரம் நடந்தது ஞாபகம் வந்தது. பட்டறைக்குச் சாமான் கொடுக்கப் போயிருந்தேன். அக்கா மகன் இன்ஜின் மேலே குனிந்து டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுகிற பாகத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, வைத்துக்கொண்டிருந்தான். அதை அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை உள்ளே விட்டு இழுக்கிறான், நட்டைக் கால் திருப்பு திருப்புகிறான், மறுபடி விட்டு இழுக்கிறான். "தகடு சும்மா வழுக்கிட்டுப் போகக்கூடாது மாமா, இறுகிப் பிடிக்கவும் கூடாது, லேசா இழுபடணும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தான். நான்கு சிலிண்டரையும் அப்படியே முடித்தான். பட்டறை அண்ணன் ஒரு முறை சரிபார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் குறை சொல்லாவிட்டால் அது பாராட்டு.

அடுத்த இன்ஜின் பழசு. அதோடு வந்த கிழிந்த புத்தகத்தில் இடைவெளி 0.012 இஞ்ச் என்று போட்டிருந்தது. புதிதாக வாங்கிய கேஜில் எல்லாம் மில்லிமீட்டர். பையன் தகட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான். காது சிவந்துவிட்டது. பட்டறை அண்ணனும் கை சொல்கிறபடி வைத்துவிடு என்று சொல்லிவிட்டார். நான் போனில் தட்டி, 0.012-ஐ 25.4-ஆல் பெருக்கினால் 0.30 என்று சொன்னேன். உடனே அந்தத் தகட்டை எடுத்துவிட்டான். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பழைய குவைத்
அண்ணே, பத்தாவது பாஸ் பண்ணச் சொல்லுங்கள். எப்படியாவது.

நம்ம பக்கம் ஈ.சி.ஆர். என்றால் ரோடு. பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்றால் வேறு, வெளிநாட்டு வேலைக்குப் போகும் முன் அரசு சரிபார்க்க வேண்டும் என்கிற குறிப்பு. பத்தாவது தேறாதவன் பாஸ்போர்ட்டில் அது விழும். குவைத், சவூதி, கத்தார், துபாய், மலேசியா என்று 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால் அரசிடம் தனியாக அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். படிக்காதவன் ஏமாறாமல் இருக்கத்தான் அந்தச் சட்டம், நல்ல எண்ணம்தான். ஆனால் நடைமுறையில் ஏஜெண்ட் நம்மைப் பிடித்துக்கொள்ளும் இடமும் அதுதான். "உனக்கு ஈ.சி.ஆர்., இதுக்கு மேல செலவாகும்" என்று ஆரம்பிப்பான்.

எனக்கு ஏ.சி. மெக்கானிக் வேலை நன்றாகத் தெரியும். எட்டாவதிலிருந்து கற்றுக்கொண்டது. ஏஜெண்ட் கொடுத்த காகிதத்தில் ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் இங்கிலீஷ். கையெழுத்துப் போட்டேன். அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அதில் எழுதியிருந்தது சுமை ஏற்றி இறக்குகிற வேலை. இரண்டு வருடம் மூட்டை தூக்கினேன். பக்கத்து அறையில் இருந்த பையன் ஒருவன் அந்தக் காகிதத்தை எனக்குப் படித்துக் காட்டினபோது ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்கு இல்லாமல் போனது.

டீசல்கை
குவைத் அண்ணே, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஏமாற்றினது ஏஜெண்ட். டிகிரி படித்தவனையும்தான் ஏமாற்றுகிறார்கள்.

பண்ருட்டிப் பொண்ணு
இங்கே எல்லோரும் பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பதினாறு வயதில் பள்ளியை விட்ட பையனுக்குப் பட்டறைக் கதவு திறந்திருக்கிறது. எங்கள் ஊரில் பள்ளியை விட்ட பெண்ணுக்கு எந்தக் கதவு திறக்கும் தெரியுமா? முந்திரி உடைக்கிற கொட்டகை.

என் அம்மா இருபது வருடம் முந்திரி உடைத்தார். வறுத்த கொட்டையை ஒவ்வொன்றாக நிறுத்திக் கட்டையால் ஒரே தட்டு. பலமாகத் தட்டினால் பருப்பு உடைந்து ரேட்டு குறையும், மெதுவாகத் தட்டினால் ஓடு விரியாது. அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால் கையைச் சாம்பலில் தோய்த்துக்கொண்டே வேலை செய்வார்கள். அப்படியும் அம்மாவின் விரல் நுனிகள் கறுத்து உரிந்துதான் இருக்கும். ரேஷன் கடை மிஷினில் ரேகை விழாது. வேலை கைதேர்ந்த வேலைதான், யாரும் அவரைக் கைவேலை தெரியாதவர் என்று சொல்ல முடியாது. இருபது வருடத்தில் கூலி கொஞ்சம் ஏறியது. வேறு எதுவும் மாறவில்லை.

அப்பாவுக்கு மூன்று காணி முந்திரி, வரப்போரம் பலா. மரத்தைப் பார்த்தே இந்த வருடம் எத்தனை மூட்டை என்று சொல்வார். 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் வந்தது. விடிந்து வெளியே வந்து பார்த்தால் தோப்பு முழுக்கப் படுத்துக் கிடக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அதுவரை தெரியாத பக்கத்து ஊர்க் கோயில் அன்றைக்குத் தெரிந்தது. ஒட்டுக்கன்று வைத்தாலும் காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருடம். அதுவரை என்ன செய்வது? அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது, மரத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது வீட்டைத் தூக்கி நிறுத்தியது அக்கா. பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நர்சிங் டிப்ளமா சேர்ந்தாள், புதுச்சேரியில் வேலைக்குப் போனாள், என்னைப் படிக்க வைத்தாள். அவள் படித்த விலங்கியலும் தாவரவியலும் ஆஸ்பத்திரியில் எவ்வளவு பயன்பட்டதோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மார்க் ஷீட் இல்லையென்றால் சேர்த்திருக்க மாட்டார்கள்.

முதல் வேலைக்குப் படிப்பு வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்பாவுக்கும் வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது வேலைக்கு வேண்டும். முதல் வேலை என்றைக்குப் படுத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. கெடிலக்கரை அண்ணா, கடலை நம்பியிருக்கிற தொழிலுக்கு இது இன்னும் பொருந்தும். 2004 டிசம்பர் சுனாமியில் தேவனாம்பட்டினத்தில் படகெல்லாம் என்ன ஆயின என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

கெடிலக்கரை
தெரியும்மா. மாமாவின் படகு அதில்தான் போனது.

சிப்காட் ஷிஃப்ட்
பண்ருட்டி அக்கா எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

டீசல்கை
நானும் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வருகிற வண்டி எல்லாம் பி.எஸ். 6, புகையைக் குறைக்கக் கொண்டுவந்த விதி. பைக்கில்கூடக் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. முன்பு பிளக்கைக் கழற்றிக் கலரைப் பார்த்தே கோளாறு சொல்வேன். இப்போது ஸ்கேனரை மாட்டினால் கோளாறுக்கு ஒரு குறியீட்டு எண் வருகிறது, அதற்குக் கீழே நாலு வரி இங்கிலீஷ். பத்தாவது படிக்கிற என் பொண்ணு சாயங்காலம் வந்து வாசித்துச் சொல்லும். அதுவரை வண்டி நிற்கும், வாடிக்கையாளரும் நிற்பார்.

ஆனாலும் நான் சொன்னதை மொத்தமாக வாபஸ் வாங்க மாட்டேன். சர்டிபிகேட் கேட்கிறவர்கள் பல இடத்தில் காரணமே இல்லாமல் கேட்கிறார்கள். லாரி, பஸ் ஓட்டுகிற லைசென்ஸுக்கு எட்டாவது பாஸ் வேண்டும் என்று வைத்திருந்தார்கள். என் தம்பி அற்புதமாக ஓட்டுவான், ஆறாவது படித்தவன், அந்த ஒரு விதியால் பத்து வருடம் கிளீனராகவே இருந்தான். 2019-இல்தான் அதை எடுத்தார்கள். அவன் இழந்த பத்து வருடத்துக்கு யார் பதில் சொல்வது? எட்டாவது வரலாறு படித்திருந்தால் ஸ்டியரிங் நன்றாகத் திரும்பியிருக்குமா?

முத்தியால்பேட்டை வாத்தியார்
அந்த விதியை எடுத்தது சரி. உங்கள் தம்பிக்கு நடந்தது அநியாயம், அதில் நான் உங்கள் பக்கம். வேலையைச் சோதிக்க முடிகிற இடத்தில் வேலையைத்தான் சோதிக்க வேண்டும். நல்ல உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. அதற்கு முக்கியமாகக் கேட்பது 21 வயதும் ஐந்து வருட ஒயரிங் அனுபவமும்தான். கையில் வேலை இருக்கிறவனுக்கு அரசே காகிதம் கொடுக்கிறது. இதுபோல் இன்னும் பல தொழிலுக்கு வர வேண்டும் என்று நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன்.

கெடிலக்கரை தம்பி, உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பாடம்தானே போயிருக்கிறது, வருடம் போகவில்லை. துணைத்தேர்வு இருக்கிறது, அவன் படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்து சில நாளுக்குள் முடித்துவிடுவார்கள், நாளைக்கே போங்கள். தேர்வு நடப்பது தடைக்காலம் முடிந்த பிறகு. ஜூன் 14 தாண்டினால் படகெல்லாம் கடலுக்குப் போய்விடும், பட்டறையில் வேலை தணியும். பட்டறை அண்ணனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மறுக்க மாட்டார்.

பாஸானால் பதினொன்றாவதில் தள்ள வேண்டும் என்று இல்லை. ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் டீசல் என்றே ஒரு வருட ட்ரேடு இருக்கிறது, பத்தாவது தேறியிருந்தால் போதும். அவனுக்காகவே வைத்த மாதிரி. முடித்துவிட்டு 1961-ஆம் வருடத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் உதவித்தொகையோடு பயிற்சிக்குப் போகலாம், நெய்வேலியில் என்.எல்.சி.யே எடுக்கிறது. ஃபிட்டர் மாதிரி இரண்டு வருட ட்ரேடு எடுத்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம். நாளைக்குச் சொந்தப் பட்டறை வைக்க பி.எம்.இ.ஜி.பி. என்கிற மத்திய அரசின் மானியக் கடன் கேட்டால், சர்வீஸ் தொழிலில் ஐந்து லட்சத்துக்கு மேல் போனால் எட்டாவது பாஸ் கேட்பார்கள். அது அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொன்று. அவனுக்குப் பதினெட்டு ஆகவில்லை. ஆபத்தான வேலையில் வைக்கச் சட்டம் இடம் தராது. வெல்டிங், கேஸ் கட்டிங் பக்கம் இப்போது விட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பழைய குவைத்
வாத்தியார் சார், எனக்கு நாற்பத்தொன்று. நான் இப்போது பத்தாவது எழுத முடியுமா?

முத்தியால்பேட்டை வாத்தியார்
தாராளமாக. தனித்தேர்வராக எழுதலாம், தேசிய திறந்தநிலைப் பள்ளியிலும் எழுதலாம். இத்தனை வயதுக்குள் எழுத வேண்டும் என்ற வரம்பு கிடையாது. தனிச்செய்தியில் வாருங்கள், விண்ணப்பம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பண்ருட்டிப் பொண்ணு
அண்ணா, அவன் ஏன் ஃபெயிலானான் என்று யாராவது அவனிடம் கேட்டீர்களா? பாடம் வராமலா, பள்ளி பிடிக்காமலா? இரண்டும் வேறு வேறு.

கெடிலக்கரை
நாலு நாள் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். அந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. கேட்டேன். முதலில் சும்மா இருந்தான். அப்புறம் சொன்னான். எட்டாவதில் பின்னத்தில் ஒரு சந்தேகம் கேட்டதற்கு வகுப்பு முழுக்கச் சிரிக்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பிறகு கேள்வியே கேட்டதில்லையாம். அதே வருடம் நாங்கள் எல்லோரும் அக்காவின் ஆபரேஷனில் இருந்தோம், அவனைக் கவனிக்கவில்லை. இரண்டு வருடம் ஒரு பையன் வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்துத் தெருவில் இருக்கிற மாமனுக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதே மனசு கனக்கிறது.

பள்ளியில் போய் விண்ணப்பம் போட்டுவிட்டோம். பட்டறை அண்ணனிடமும் பேசினேன். "ஜூன் 15-க்கு அப்புறம் மத்தியானமே அனுப்பிடறேன், பரீட்சை முடியிற வரைக்கும்" என்று அவரே சொன்னார். அக்காவுக்கு ஐ.டி.ஐ. என்றால் இன்னும் மனசில்லை, பதினொன்றாவது சேர்க்க வேண்டும் என்கிறார். அது வேறு ஒரு பஞ்சாயத்து, பாஸான பிறகு பேசிக்கொள்ளலாம். இங்கிலீஷுக்கு எங்கள் தெரு டீச்சரம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார். கணக்கு என் பொறுப்பு. எனக்கே பாதி மறந்துவிட்டது, ராத்திரி கடை சாத்திவிட்டு நானும் உட்கார்ந்து படிக்கிறேன்.

நேற்று பட்டறைக்குப் போனபோது அவன் இல்லை, டீ வாங்கப் போயிருந்தான். பேரிங் வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தான். மார்க்கர் பேனாவில் 0.008, 0.010, 0.012, 0.015, 0.018 என்று ஒரு பக்கம் இஞ்ச், எதிரே மில்லிமீட்டர். 0.018-க்கு எதிரே முதலில் 0.54 என்று போட்டு, அடித்துவிட்டு, 0.46 என்று எழுதியிருந்தான். நான் போனை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது.